சாக்ரமெண்டோவில் ஓர் ஆதரவுக் கடிதம்: எங்கெல்லாம் தொலைகிறது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கலிஃபோர்னியாவின் தலைநகர் சாக்ரமெண்டோவில், சட்டமன்றத்தின் முன் இருக்கும் ஒரு மசோதாவை ஆதரித்துக் காக்கஸுக்கு அனுப்பும் கடிதம் எந்தக் கணக்கிலும் ஏறாது.

கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் கறுப்பின உறுப்பினர் காக்கஸ் 1967-லிருந்து இயங்குகிறது. 2024 ஜனவரி கடைசியில் அடிமைமுறைக்கான இழப்பீடு, சிவில் உரிமை தொடர்பாக 14 மசோதாக்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. எங்கள் தன்னார்வக் குழு அதில் சிலவற்றுக்கும், பட்டியலுக்கு வெளியே இருந்த ஒரு மகப்பேறு மசோதாவுக்கும் ஆதரவாக எழுத முடிவு செய்தது. ஓர் உறுப்பினர் அலுவலகத்தில் ஃபோனை எடுத்தவர், “காக்கஸ் முகவரிக்கே எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள், அவர்கள் பிரித்துக் கொடுப்பார்கள்” என்றார். அனுப்பினோம். நன்றி சொல்லி அழகாக ஒரு பதில் வந்தது. மசோதாவை விசாரிக்கும் கமிட்டியின் ஆய்வறிக்கை வெளிவந்தபோது ஆதரவாளர் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை.

காரணம் எளிது. காக்கஸ் என்பது ஒரே நோக்கமுள்ள உறுப்பினர்களின் கூட்டு, கமிட்டி அல்ல. அது மசோதாவை விசாரிக்காது, ஓட்டெடுக்காது, ஆய்வறிக்கை எழுதாது. பதிவாக வேண்டுமென்றால், மசோதா அந்த வாரம் எந்தக் கமிட்டியில் நிற்கிறதோ அதன் தலைவர் பெயருக்குக் கடிதம் போக வேண்டும். அதற்கென்றே சட்டமன்றத்துக்கு ஒரு ‘பொசிஷன் லெட்டர் போர்ட்டல்’ இருக்கிறது. ஒருமுறை பதிவு செய்துகொண்டால் பிடிஎஃப் ஏற்றலாம். மசோதாவைக் கொண்டுவந்தவருக்கும் கமிட்டிக்கும் அதுவே சேர்ப்பித்துவிடும்.

கடிதத்தில் கவனிக்க வேண்டியது தலைப்பு வரி. மசோதா எண், கொண்டுவந்தவர் பெயர், எந்தத் தேதியில் திருத்தப்பட்ட வடிவம், கடைசியில் பெரிய எழுத்தில் ‘சப்போர்ட்’. கமிட்டி ஊழியர் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான கடிதங்களைப் புரட்டுகிறவர். இந்த வரிக்குக் கீழே அவர் கண் போகும் என்று நம்பாதீர்கள். அமைப்பின் லெட்டர்ஹெட்டும் கையெழுத்தும் இல்லாவிட்டால் அமைப்பாக எண்ண மாட்டார்கள், தனிநபர் கணக்கில் தள்ளிவிடுவார்கள். பல அமைப்புகள் சேர்ந்து எழுதும் கூட்டுக் கடிதமென்றால் ஒவ்வொன்றின் லோகோவும் கையெழுத்தும் இருக்கட்டும். ‘திருத்தினால் ஆதரவு’ என்று எழுதினால் நியாயமாகத் தோன்றும், ஆனால் ஆதரவுப் பட்டியலில் சேராமல் போக வாய்ப்பு அதிகம். திருத்தம் வேண்டுமென்றால் உறுப்பினரின் ஊழியரிடம் நேரில் பேசுங்கள். கடிதத்தில் நேரடியாக ஆதரவு என்றே போடுங்கள்.

கெடு எல்லாக் கமிட்டிக்கும் ஒன்றல்ல. விசாரணைக்கு ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே கேட்பது வழக்கம். அந்த நேரம் தாண்டி வந்த கடிதம் கோப்பில் இருக்கும், ஆய்வறிக்கையில் இருக்காது. உறுப்பினர்கள் படிப்பது ஆய்வறிக்கையைத்தான். அதைவிட எரிச்சலூட்டும் விஷயம் ஒன்று உண்டு: மசோதா அடுத்த கமிட்டிக்குப் போனதும் பழைய கடிதம் கூடவே போகும் என்று எண்ண வேண்டாம். புதுத் தலைவர், புதுத் தேதி, புதுப் பதிவேற்றம். மேலவையான செனட்டில் முடிந்து கீழவையான அசெம்பிளிக்கு வந்தால் மறுபடி முதலிலிருந்து.

திருத்தங்களைப் பின்தொடர, சட்டமன்ற மசோதாக்கள் வெளியாகும் லெஜ்இன்ஃபோ தளத்தில் மசோதாவைச் சந்தா எடுத்து வைத்தால் மின்னஞ்சல் வரும். அங்கே ‘டுடேஸ் லா ஆஸ் அமெண்டட்’ என்றொரு தாவல் இருக்கிறது. இன்றைய சட்டத்தில் எந்த வரி போகிறது, எந்த வரி நுழைகிறது என்று கோடிட்டுக் காட்டும். மசோதாவின் முழு வாசகத்தைப் படிப்பதைவிட இது நூறு மடங்கு மேல். நீங்கள் ஆதரித்த பிரிவு நடுவில் காணாமல் போயிருந்தால் இங்கேதான் தெரியும்.

அடுத்தது கட்டடம். “ஹியரிங் கேபிடலில்”, அதாவது விசாரணை சட்டமன்றக் கட்டடத்தில், என்று யாராவது சொன்னால் உடனே அறை எண்ணைக் கேளுங்கள். கேபிடலோடு ஒட்டியிருந்த பழைய அனெக்ஸ் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையால், உறுப்பினர் அலுவலகங்களும் பல விசாரணை அறைகளும் 2021 கடைசியிலிருந்து 1021 ஓ ஸ்ட்ரீட் கட்டடத்தில் இருக்கின்றன. ஊழியர்கள் அதை ‘ஸ்விங் ஸ்பேஸ்’ என்பார்கள். 1100, 1200, 2100, 2200 என்ற எண்கள் அங்கே. 126, 437, 444, 447 பழைய கேபிடலில். இரண்டு இடத்திலும் விமான நிலையம் போல பெல்ட்டைக் கழற்றும் சோதனை. தப்பான வரிசையில் நின்று உள்ளே போய், வெளியே வந்து, அடுத்த கட்டடத்தில் மறுபடி நின்றால் காலை போயே போச்சு. நாங்கள் விசாரணைக்குப் போன நாளில் எங்களோடு வந்தவர்களில் பாதிப் பேருக்கு அதுதான் நடந்தது. ஃபோனில் விவரம் சொன்னவர் ‘கேபிடல்’ என்ற ஒரு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டார். அறை எண் ‘டெய்லி ஃபைல்’ என்ற நாள்நிரலில் இருக்கும். முந்தின இரவு பார்த்தது போதாது, காலையில் கிளம்பும் முன்னும் பாருங்கள்.

கோவிட் காலத்தில் ஃபோனிலேயே கருத்துச் சொல்ல முடிந்தது. அந்த வசதியை நம்பி இப்போது வீட்டில் உட்கார முடியாது. நேரில் போனாலும் பேசக் கிடைப்பது சொற்பம். ஆதரவுக்கு இரண்டு முதன்மைச் சாட்சிகள், எதிர்ப்புக்கு இரண்டு, ஆளுக்கு இரண்டு நிமிடம் என்பதுதான் பொதுவான நடைமுறை. அந்த இருவரை மசோதாவைக் கொண்டுவந்தவரின் அலுவலகம் முன்கூட்டியே தேர்ந்துவிடும். மற்றவர்கள் மைக் வரிசையில் நின்று பெயர், அமைப்பு, ஆதரவா எதிர்ப்பா என்று சொல்லிவிட்டு நகர வேண்டும். இதை ‘மீ டூ’ என்கிறார்கள். எங்களுக்கு முன்னால் ஒரு பாட்டி நின்றார். மடித்து மடித்துக் கசங்கிய இரண்டு பக்கத் தாள் கையில். அவர் பிறந்த பேட்டையை எப்படி இடித்தார்கள் என்று தொடங்கினார்; இரண்டாவது வாக்கியத்திலேயே தலைவர் மரியாதையாக நிறுத்திவிட்டார். வாயிலில் நின்ற ஊழியர் யாராவது முன்பே சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டிய கதை இருந்தால் அதைக் கடிதத்தில் எழுதுங்கள், அல்லது முதன்மைச் சாட்சியாக வருகிறவரிடம் கொடுங்கள். பதாகை, அட்டை எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும்.

மசோதாவின் பொருளை விசாரிக்கும் கொள்கைக் கமிட்டி தாண்டியதும் அப்ரோப்ரியேஷன்ஸ் என்ற செலவினக் கமிட்டி. இங்கே நியாயம் எடுபடாது, செலவுதான் பேச்சு. அசெம்பிளியில் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் செலவு வைக்கும் மசோதாக்கள் ‘சஸ்பென்ஸ் ஃபைல்’ என்ற குவியலுக்குப் போகும். வருடத்தில் இரண்டு முறை அந்தக் குவியலைப் பிரிப்பார்கள்; 2024-ல் மே 16, ஆகஸ்ட் 15. அன்றைக்குச் சாட்சி கிடையாது, விவாதம் கிடையாது. தலைவர் எண்களை வாசித்துக்கொண்டே போவார், நூற்றுக்கணக்கான மசோதாக்களின் தலைவிதி காலைக்குள் முடிந்துவிடும். ‘ஹெல்ட் அண்டர் சப்மிஷன்’ என்று காதில் விழுந்தால் செத்தது என்று பொருள், யாரும் காரணம் சொல்ல மாட்டார்கள். அதற்கென்று நேரில் போவது வீண். பயன் தரக்கூடியது, அதற்கு முன்பே செலவுக் கணக்கை எடுத்துப் பேசும் ஒரு பக்கக் கடிதம்.

ஓட்டெடுப்பு பற்றி ஒரு எச்சரிக்கை. அசெம்பிளியில் 80-க்கு 41, செனட்டில் 40-க்கு 21 வேண்டும். வந்திருப்பவர்களில் பெரும்பான்மை என்ற கணக்கில்லை. ஓட்டே போடாமல் உட்கார்ந்திருக்கிற உறுப்பினரும் மசோதாவைக் கொல்கிறார், ஆனால் அவர் பெயருக்கு நேரே ‘நோ’ என்று பதிவாகாது. உங்கள் தொகுதி உறுப்பினர் “நான் எதிர்க்கவில்லையே” என்றால், ஆதரித்தாரா என்று கேளுங்கள்.

இனி, இன்னும் வயிற்றெரிச்சல் அடங்காத விஷயம். நெடுஞ்சாலை, தொழிற்பேட்டை, நகர மேம்பாடு என்ற பெயரில் கறுப்பினக் குடும்பங்களிடமிருந்து நிலம் பறிக்கப்பட்ட கதைகள் கலிஃபோர்னியாவில் நிறைய. ஹேவர்ட் அருகே ரஸ்ஸல் சிட்டி 1960-களில் தரைமட்டமானது. மன்ஹாட்டன் பீச்சில் 1924-ல் பறித்த புரூஸ் பீச் நிலம் வாரிசுகளுக்குத் திரும்ப 2022 ஆனது, அதற்கே தனியாக ஒரு சட்டம் தேவைப்பட்டது. இனப் பாகுபாட்டால் நிலமிழந்தவர்கள் விண்ணப்பித்து நிவாரணம் கேட்க வழிசெய்வது எஸ்பி 1050 (எஸ்பி என்றால் செனட் மசோதா, ஏபி என்றால் அசெம்பிளி மசோதா). காக்கஸின் 14-ல் அதுவும் ஒன்று. ஆனால் அந்த விண்ணப்பங்களை வாங்கிப் பரிசீலிக்க வேண்டிய அமைப்பை உருவாக்குவது வேறொரு மசோதா, எஸ்பி 1403. நிதி ஏற்படுத்துவது எஸ்பி 1331. மூன்றையும் கொண்டுவந்தவர் செனட்டர் ஸ்டீவன் பிராட்ஃபோர்ட்தான். பின்னிரண்டும் காக்கஸ் பட்டியலில் இல்லை. பட்டியலை மட்டும் பார்த்துக் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் எஸ்பி 1050-க்கு எழுதிவிட்டு நிம்மதியாக இருந்தார்கள்.

ஆகஸ்ட் 31, கூட்டத்தொடரின் கடைசி நாள். எஸ்பி 1403-உம் 1331-உம் அசெம்பிளியில் ஓட்டுக்கே எடுக்கப்படவில்லை. ஆதரவாளர்கள் கேபிடலிலேயே காத்துக் கிடந்தார்கள். இன்னும் வேலை பாக்கியிருக்கிறது, அடுத்த ஆண்டு கொண்டுவருகிறோம் என்றது காக்கஸ். எஸ்பி 1050 மட்டும் இரண்டு அவையும் தாண்டி ஆளுநர் கேவின் நியூசமிடம் போனது. செப்டம்பரில் கையெழுத்திட மறுத்து (வீட்டோ) திருப்பி அனுப்பிவிட்டார். அவர் சொன்ன காரணம்: இல்லாத ஓர் அமைப்பிடம் பொறுப்பை ஒப்படைக்கிறது, நிறைவேற்ற வழியில்லை. சட்டப்படி பார்த்தால் மறுக்க முடியாத காரணம், அதனால்தான் கோபம் இன்னும் அதிகம். ஒரு மசோதாவை ஆதரிக்கும் முன் அதன் வாசகத்தில் ‘ஏஜென்சி’, ‘பீரோ’, ‘ஃபண்ட்’ என்று வரும் இடங்களைத் தேடுங்கள். அது ஏற்கெனவே இருக்கிறதா, இன்னொரு மசோதா பிறந்தால்தான் பிறக்குமா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் இரண்டுக்கும் கடிதம்.

அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வழியே வேறு. ஏசிஏ 8 என்ற அத்தகைய திருத்தம் சிறைகளில் கட்டாய உழைப்பை நீக்கக் கேட்டது. இரண்டு அவையிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், கிடைத்தது. ஆளுநர் கையெழுத்து தேவையில்லை, அவருக்குக் கடிதம் எழுதுவது தபால் செலவுதான். நேரே மக்கள் வாக்கெடுப்புக்குப் போய் நவம்பர் 2024-ல் ‘பிரபோசிஷன் 6’ என்ற பெயரில் தோற்றது. வாக்காளர் கையேட்டில் எதிர்வாதம் எழுதிக் கொடுக்கக்கூட யாரும் வரவில்லை, அப்படியும் தோற்றது. எதிரி இல்லை என்பதற்காகப் பிரசாரத்தை நிறுத்தக் கூடாது.

ஆளுநர் கட்டத்தில் கடிதத்தின் தலைப்பு மாறும்: ‘கையெழுத்திடக் கோரிக்கை’. சாதாரண நாட்களில் அவருக்கு 12 நாள் அவகாசம். 2024 போன்ற இரட்டைப்படை ஆண்டில் கடைசி நேரக் குவியலுக்கு செப்டம்பர் 30 வரை. அவை தாண்டிய மசோதா அவர் மேசைக்குப் போய்ச் சேரவே சில நாட்கள் பிடிக்கும், அந்த இடைவெளியில் எழுதுவதுதான் சரியான நேரம். அவைகளில் எத்தனை ஓட்டு விழுந்தது என்பதில் மயங்க வேண்டாம். சாதிப் பாகுபாட்டுக்கு எதிரான எஸ்பி 403 நம்மவர்களுக்கு நினைவிருக்கும். 2023-ல் பெரிய பெரும்பான்மையோடு போனது. இருக்கிற சட்டமே போதும் என்று அக்டோபரில் தள்ளுபடி செய்தார். மூன்றில் இரண்டு பங்கால் வீட்டோவை மீறலாம் என்பது ஏட்டில் இருக்கிறது. 1980-க்குப் பிறகு அது நடக்கவில்லை.

கைகூடியவையும் உண்டு. அடிமைமுறைக்கும் அதன் விளைவுகளுக்கும் மாநிலம் முறைப்படி மன்னிப்புக் கேட்கும் ஏபி 3089, மளிகைக் கடைகளும் மருந்துக் கடைகளும் மூடும் முன் அறிவிப்புத் தர வைக்கும் எஸ்பி 1089, தலைமுடி அமைப்பை வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் 2019-ம் ஆண்டு கிரவுன் சட்டத்தை விரிவாக்கிய ஏபி 1815 எல்லாம் 2024-ல் கையெழுத்தாயின. எங்களுக்கு முக்கியமாக இருந்தது ஏபி 2319. பிரசவம் பார்க்கும் ஊழியர்களுக்கு இனச்சார்பு பற்றிய பயிற்சி 2019-லேயே கட்டாயமாகிவிட்டது, ஆனால் கொடுக்காத மருத்துவமனையைக் கேட்பாரில்லை. அபராதம் போடும் அதிகாரத்தை மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலுக்கு இந்த மசோதா கொடுத்தது. இதன் கடைசிக் கமிட்டி ஆய்வறிக்கையில்தான் எங்கள் குழுவின் பெயர், எழுத்துப் பிழையோடு, முதல் தடவையாக வந்தது.

2024 முடிந்ததும் நிறைவேறாத மசோதாக்கள் எண்ணோடு இறந்தன. அமைப்பை உருவாக்கும் யோசனை எஸ்பி 518 என்று திரும்பி வந்து 2025 அக்டோபரில் கையெழுத்தானது. அடிமைப்படுத்தப்பட்டோரின் சந்ததியினருக்கான பீரோ இனி உண்டு. நிலப் பறிப்பு மசோதா ஏபி 62 என்ற எண்ணில் வந்து மறுபடி வீட்டோவில் விழுந்தது. அடுத்த முறை வந்தால் எண்ணும் கமிட்டித் தலைவரும் மாறியிருக்கும், எனவே பழைய பிடிஎஃப்பைத் தேதி மட்டும் மாற்றி ஏற்றாதீர்கள். பிப்ரவரி நடுவில் மசோதா தாக்கல் கெடு முடியும். அச்சாகி 30 நாள் கழித்துத்தான் பொதுவாக விசாரணைக்கு வரும். லெட்டர்ஹெட், கையெழுத்து, போர்ட்டல் கணக்கு மூன்றையும் அந்த 30 நாளுக்குள் தயார் செய்துவிடுங்கள்.