எட்டுகிற தூரம்

மே 6
காலண்டரில் இன்னும் மார்ச் 19. அம்மாதான் கிழிப்பாள். அவளுக்கு முடியாமல் போனதிலிருந்து நாங்கள் யாரும் தொடவில்லை.

மே 7
பிசியோ தம்பி சுவரில் அம்மாவின் தோள் உயரத்துக்கு அளவு டேப் ஒட்டினார். வலது கையை நேரே நீட்டி, முஷ்டி மூடி, காலை நகர்த்தாமல், சுவரில் சாயாமல் எவ்வளவு முன்னால் போக முடியுமோ போகணும். மூன்று முறை எடுத்து சராசரி பார்த்தால் 11 செ.மீ. அரைச் சாண். 1990ல் பமீலா டங்கன் குழுவினர் கொண்டுவந்த சோதனையாம். வயதானவர்களுக்கு 25 வந்தால் பயமில்லை. 15க்குக் கீழே என்றால் விழுகிற ஆபத்து அதிகம்.

11.

மே 8
106 டிகிரி. கரண்ட் இல்லை. பயிற்சியும் இல்லை.

மே 10
தூக்கம் வரவில்லை. சமையலறைக்குப் போய் இருட்டில் நின்று, ஒரு கையைத் தொடையின் பின்பக்கம் வைத்துக்கொண்டு மறு கையைச் சட்டென்று முன்னால் நீட்டிப் பார்த்தேன். தொடை இறுகுகிறது. தம்பி சொன்னது இதைத்தான். கை கிளம்புவதற்கு ஒரு நொடியின் சிறு பகுதி முன்பே கால் தயாராகிவிடுமாம். கை முன்னால் போனால் உடம்பின் பாரமும் முன்னால் போகும், அதைத் தாங்கத்தான். அம்மாவின் இடது காலுக்கு அந்தச் சேதி இப்போது தாமதமாகத்தான் போகிறது.

பருப்பு டப்பாவை எடுக்கப் போய் விழுந்தாளே, அன்றைக்கு "நிதானமா எடுக்கக் கூடாதா"ன்னு கத்தினேன். அவள் நிதானமாகத்தான் எடுத்திருக்கிறாள்.

மே 12
பாகாயம் வழியாக ஆட்டோ. இங்கே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகும் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை ஆபரேஷன் செய்தவர் என்று அம்மாவிடம் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும், "எழுப்பி நிறுத்துடி" என்றாள்.

மே 14
நீட்டும்போது இடுப்பு கொஞ்சம் பின்னால் போகணும், எல்லோருக்கும் அப்படித்தான் போகும். அம்மாவுக்குப் பயம், இடுப்பை விட மாட்டேன் என்கிறாள். பாரமெல்லாம் வலது காலில். இடது குதிகால் தரையை விட்டு ஒரு பருக்கை அளவு எழும்புகிறது. வலது கட்டைவிரல் சிவப்புத் தரையைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கிறது. நகம் வெளுத்துப் போகிறது.

மே 15
இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் வாங்கினேன். உட்கார்ந்தே காம்பு கிள்ளித் தந்தாள்.

மே 18
ஒரு விரல் போதுமாம்! சாயவே வேண்டாம், சும்மா தொட்டால் போதும். ஆட்டம் குறைகிறது, கண்ணால் பார்த்தேன். உடம்பு எங்கே நிற்கிறது என்று அந்த விரல் சொல்லிவிடுகிறது. அம்மா என் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள். எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. மூச்சு விடாமல் நின்றேன்.

மே 19
13.

மே 21
காலண்டர் ஆணியை நெஞ்சு உயரத்துக்கு இறக்கினேன். மேலே எட்டினால் குதிகால் எழும்பும், நிற்கிற இடமே குறுகிப்போகும். அதற்கு இன்னும் நாளாகும். அம்மா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

மே 23
16. ஆணியைப் பழைய இடத்திலேயே அடிக்கச் சொல்கிறாள்.