பம்புசெட்டும் மீட்டரும்: ஒரு சீர்திருத்தம் எங்கே சிக்குகிறது?

விவசாய மின்சாரம் பற்றிய கொள்கை அறிக்கைகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவற்றின் அமைப்பு பழகிப்போயிருக்கும். மீட்டர் இல்லாமல் தரப்படும் இலவச மின்சாரம் நிலத்தடி நீரை வற்றச் செய்கிறது, மின்வாரியங்களைக் கடனில் தள்ளுகிறது, பெரிய மோட்டார் வைத்திருப்பவருக்கே அதிகம் போய்ச் சேர்கிறது, கிணறு வற்றிப்போன சிறு விவசாயிக்கும் டீசல் என்ஜினில் இறைப்பவருக்கும் ஒன்றும் தருவதில்லை என்று கணக்குகளோடு நிறுவிவிட்டு, கடைசிப் பக்கத்தில் "இதை மாற்ற அரசியல் உறுதி தேவை" என்று எழுதி முடித்துவிடுவார்கள். கணக்குகளில் பெரும்பாலும் குறை சொல்ல முடியாது. அந்தக் கடைசி வரியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. ஆராய வேண்டியது அங்கேதான் தொடங்குகிறது, அறிக்கையோ அங்கே முடிந்துவிடுகிறது.

2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டன் அரசின் வளர்ச்சி உதவித் துறையும், பின்னர் உலக வங்கியும் அரசியல் பொருளாதாரப் பகுப்பாய்வு என்ற முறையைக் கையில் எடுத்ததற்கு இதே சலிப்புதான் காரணம். பொருளாதார நோக்கில் குறையற்ற திட்டங்கள் நாட்டுக்கு நாடு தோற்றுக்கொண்டிருந்தன. இப்போதுள்ள ஏற்பாட்டால் யாருக்கு ஆதாயம், மாற்றம் வந்தால் யாருக்கு நட்டம், அவர்களில் யாருக்கு அதைத் தடுக்கும் வலு இருக்கிறது, அரசு தரும் வாக்குறுதியை அவர்கள் எந்த அனுபவத்தின் பேரில் நம்புவார்கள் என்ற கேள்விகளுக்கு விடை கண்டபின் திட்டத்தை வகுக்க வேண்டும் என்பதே அந்த முறையின் சாரம். இந்தியாவில் இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பார்க்க விவசாய மின்சாரத்தைவிடப் பொருத்தமான துறை எனக்குத் தெரியவில்லை. ஒரே நோய்க்கு ஒவ்வொரு மாநிலமும் வெவ்வேறு மருந்து கொடுத்துப் பார்த்திருக்கிறது. விளைவுகளும் கண்முன் இருக்கின்றன.

தமிழ்நாட்டின் கதை கொங்குப் பகுதியில் தொடங்குகிறது. யூனிட்டுக்குச் சில பைசா கட்டண உயர்வை எதிர்த்து 1970-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் திரண்டார்கள். பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிரிழந்தனர். அடுத்து வந்த போராட்டங்களில், மாட்டு வண்டிகளைக் கோவை நகரத்துக்குள் கொண்டுவந்து நிறுத்தியது உட்பட, மின் கட்டணம் என்பது வெறும் கட்டணமாக இல்லாமல் அரசுக்கும் உழவருக்கும் இடையிலான உறவின் அளவுகோலாகவே ஆகிவிட்டது. 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் அளித்தது. 1990-ல் கருணாநிதி அரசு அதை எல்லா விவசாயிகளுக்கும் விரிவாக்கியது. இரு பெரும் கட்சிகளும் இந்த ஏற்பாட்டில் பங்குதாரர்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

2003 மார்ச்சில் மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வெளியிட்ட முதல் கட்டண ஆணையோடு அந்த இலவசம் நின்றது. அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தலில் ஆளும் அ.தி.மு.க. கூட்டணி தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் இழந்தது. முடிவுகள் வந்து சில நாள்களுக்குள், 2004 மே மாதத்திலேயே, முதலமைச்சர் ஜெயலலிதா இலவச மின்சாரத்தைத் திரும்ப அறிவித்தார். அதே மாதத்தில் ஆந்திரத்தில் பதவியேற்ற ராஜசேகர ரெட்டி முதலில் கையெழுத்திட்ட கோப்பும் இலவச மின்சாரக் கோப்புதான். அவருக்கு முன் ஆண்ட சந்திரபாபு நாயுடுவின் அரசு உலக வங்கி உதவியோடு மின்துறையை மறுசீரமைத்ததும், 2000 ஆகஸ்டில் ஐதராபாத் பஷீர்பாக்கில் கட்டண உயர்வுக்கு எதிரான ஊர்வலத்தின்மீது போலீசார் சுட்டதும் அந்தத் தேர்தல் களத்தில் மறக்கப்படவில்லை. பஞ்சாபில் 1997-ல் வந்த இலவச மின்சாரம் 2002-ல் நின்று 2005-ல் திரும்பியது.

மூன்று மாநிலங்கள், ஒரே சுழற்சி. இதை வாக்கு வங்கி அரசியல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் விவசாயியின் இடத்திலிருந்து பார்த்தால் அவர் எடுத்த முடிவில் பிழையே இல்லை. ஆட்சிக்காக இரண்டு கட்சிகள் கடுமையாகப் போட்டியிடும் மாநிலத்தில், ஒரு கட்சி பறிப்பதை மற்றொன்று திருப்பித் தருவதாகச் சொல்லும். ஆகவே எதிர்த்துக் காத்திருப்பதே லாபம். தமிழ்நாட்டில் அந்த ஆண்டுகள் வறட்சி ஆண்டுகள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிர் காய்ந்துகொண்டிருந்த நேரத்தில், பதிலுக்கு மேலான மின்னழுத்தமோ பகல் நேர மும்முனை மின்சாரமோ கைக்கு வராமல், இருந்தது போயிற்று. ஆணை ஆணையத்தினுடையது என்று அரசு சொன்னால் கேட்டுக்கொள்ள ஊரில் யாரும் இல்லை.

இதுவரை சொன்னது விவசாயியைப் பற்றியது. மீட்டர் வேண்டாம் என்று சொல்வது அவர் மட்டும்தானா என்ற கேள்விதான் இந்த முறையிலேயே எனக்கு மிகவும் பயனுள்ளதாகப் படுகிறது.

2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 55-ஆவது பிரிவு, இரண்டு ஆண்டுகளுக்குள் எல்லா இணைப்புகளுக்கும் மீட்டர் பொருத்த வேண்டும் என்கிறது. கெடுவை நீட்டிக்க ஆணையங்களுக்கு அதிகாரமும் தருகிறது. நீட்டிப்பு வழக்கமாகிவிட்டது. இதனால் வாரியத்துக்கும் ஒரு வசதி உண்டு. மீட்டர் இல்லாத பம்புசெட் எவ்வளவு மின்சாரம் எடுத்தது என்று யாருக்கும் தெரியாது. குதிரைத்திறனையும் ஓடும் நேரத்தையும் வைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு துணைமின் நிலையத்திலிருந்து சென்ற மின்சாரத்துக்கும் வசூலான மின்சாரத்துக்கும் இடையே உள்ள இடைவெளியில் எவ்வளவு திருட்டு, எவ்வளவு கம்பி இழப்பு, எவ்வளவு உண்மையான பாசனம் என்பதைப் பிரித்துக் காட்ட முடியாதபோது, எல்லாவற்றையும் பாசனத்தின் தலையில் எழுதிவிடலாம். அப்படி எழுதினால் இழப்பு விகிதம் அழகாகத் தெரியும், அரசிடம் கேட்கும் மானியமும் கூடும். 1990-களின் இறுதியில் ஒடிசா, ஆந்திரம் போன்ற மாநிலங்களில் மறுசீரமைப்பின்போது கணக்கைச் சற்றே நெருங்கிப் பார்த்ததும், மின்பாதை இழப்பு அதுவரை காட்டப்பட்டதைவிட மிக அதிகம் என்று தெரியவந்தது. பாதை முழுவதும் அளவு தெரிந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களில் விவசாயி ஒருவர். பிரிவு அலுவலகத்துப் பொறியாளர், ஆலைக்குக் கள்ள இணைப்புப் பெற்றவர், மானிய பாக்கி வைத்திருக்கும் நிதித்துறை என்று வரிசை நீளும். போராட்டத்தில் கொடி பிடிப்பவர் விவசாயி என்பதால் மற்றவர்கள் கண்ணில் படுவதில்லை. எதிர்ப்பை அளக்கப் போகிறவர் ஊர்வலத்தில் வருபவர்களை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பினால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்.

இந்தப் பின்னணியில் குஜராத் செய்தது கவனிக்கத்தக்கது. அங்கே 1980-களின் பிற்பகுதியிலிருந்து விவசாயத்துக்கு மீட்டர் கிடையாது. குதிரைத்திறன் அடிப்படையில் ஆண்டுக்கு ஒரு நிலைக்கட்டணம். மீட்டர் பொருத்தவும் கட்டணத்தை உயர்த்தவும் நடந்த முயற்சிகளைப் ஆர்.எஸ்.எஸ். சார்ந்த விவசாயச் சங்கமான பாரதிய கிசான் சங்கம், தங்கள் பரிவாரத்தின் கட்சியான பா.ஜ.க.வே ஆட்சியில் இருந்தும், தெருவில் இறங்கி எதிர்த்தது. மறுபுறம், கிராமங்களுக்கு மும்முனை மின்சாரம் சில மணி நேரம்தான் வந்தது; எஞ்சிய நேரங்களில் மும்முனை இல்லாத மின்சாரத்திலேயே விவசாயிகள் கன்டென்சர் என்ற கருவியை வைத்து மோட்டாரை ஓட்டியதால் வீடுகளில் விளக்கு மங்கியது, மாவு மில் நின்றது, டிரான்ஸ்பார்மர் எரிந்தது. நம் ஊர்களில் இருமுனை மின்சார நேரத்தில் மோட்டார் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மீட்டருக்காகச் சண்டை போடுவதைவிட, நிலைக்கட்டணத்தை வைத்துக்கொண்டே மின்சாரம் வரும் நேரத்தை அறிவோடு முறைப்படுத்தலாம் என்று பன்னாட்டு நீர் மேலாண்மை நிறுவனத்தைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் துஷார் ஷாவும் அவருடைய சகாக்களும் அப்போது வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். 2003-ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டம் ஏறத்தாழ அந்தத் திசையில்தான் சென்றது. ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, பம்புசெட்டுகளுக்கான மின்பாதையை வீடுகள், கடைகள், பள்ளிகளுக்கான பாதையிலிருந்து தனியாகப் பிரித்தார்கள். ஊருக்கு 24 மணி நேர மும்முனை மின்சாரம் வந்தது. வயலுக்கு 8 மணி நேரம்தான், ஆனால் முழு அழுத்தத்தில், முன்கூட்டியே அறிவித்த நேரப்படி. 2006 வாக்கில் பெரும்பாலான கிராமங்களில் வேலை முடிந்துவிட்டது.

இதில் நடந்த அரசியலைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். விவசாயிக்கு மின்சாரம் குறைக்கப்பட்டது. ஆனால் அதே விவசாயியின் வீட்டில் மின்விசிறி நிற்காமல் ஓடியது, அவருடைய மோட்டார் சுருள் எரிவதும் குறைந்தது. அதற்கும் மேலாக, அதுவரை இந்த விவகாரத்தில் தரப்பாகவே இல்லாத கடைக்காரர், வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகளின் தாய் ஆகியோர் மின்பாதைப் பிரிப்பை விட்டுக்கொடுக்காத ஒரு தரப்பாக உருவானார்கள். அதன்பின் எந்தக் கட்சியாலும் பழைய நிலைக்குத் திரும்புவேன் என்று மேடையில் சொல்ல முடியவில்லை. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பஞ்சாபிலும் ஓடிய சுழற்சி இங்கே அறுந்தது அப்படித்தான். விவசாய மின் நுகர்வும் கணிசமாகக் குறைந்தது. அந்த ஆண்டுகளில் குஜராத்தில் நல்ல மழை பெய்தது என்பதால் முழுப் பெருமையையும் திட்டத்துக்கே தந்துவிடலாகாது.

மேற்கு வங்கம் இதற்கு நேர்மாறான வழியில் போயும் எதிர்ப்பின்றி வென்றது. 2007 முதல் அங்கே பாசன இணைப்புகளுக்கு, நேரத்துக்கேற்ப கட்டணம் மாறும், தொலைவிலிருந்தே படிக்கக்கூடிய மீட்டர்கள் பொருத்தப்பட்டன. மின் பம்பு வைத்திருந்தவர்கள் அங்கே ஒரு லட்சம் என்ற அளவில் சிறு கூட்டம்தான். செலுத்திவந்த நிலைக்கட்டணமோ நாட்டிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்று. மீட்டர் வந்தால் பில் குறையும் என்பது கணக்குப் போட்டால் தெரியும், எனவே ஏன் எதிர்க்கப் போகிறார்கள்?

ஆனால் இவ்விரு வெற்றிகளையும் கொண்டாடுவதற்கு முன் நட்டப்பட்டவர்கள் யார் என்றும் கேட்க வேண்டும். இரு மாநிலங்களிலும் சொந்தக் கிணறு இல்லாத குத்தகைதாரர்களும் மிகச் சிறு விவசாயிகளும் பக்கத்துக் கிணற்றுக்காரரிடம் மணிக் கணக்கில் தண்ணீரை விலைக்கு வாங்கிப் பயிர் செய்துவந்தார்கள். நிலைக்கட்டணம் இருந்தவரை, எவ்வளவு ஓட்டினாலும் செலவு ஒன்றுதான் என்பதால், பம்பு உரிமையாளர் தண்ணீரை விற்றே தீர வேண்டியிருந்தது. வாங்குபவர் பேரம் பேச முடிந்தது. குஜராத்தில் நேரம் குறைந்ததும், வங்கத்தில் ஓட்டும் ஒவ்வொரு மணிக்கும் விலை வந்ததும் அந்தப் பேரம் பறிபோயிற்று. தண்ணீர் விலை ஏறியது. துஷார் ஷா குழுவினரும், வங்கத்து நீர்ச் சந்தையை ஆராய்ந்த அதிதி முகர்ஜியும் இதை மறைக்காமல் பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் வாங்குவோருக்குச் சங்கம் கிடையாது. அவர்களின் நட்டம் எந்தத் தேர்தலிலும் ஒலிக்கவில்லை. அரசியல் பொருளாதாரப் பகுப்பாய்வின் மீது எனக்குள்ள பெரிய ஐயமும் இதுவே. தடுக்கும் வலு யாருக்கு இருக்கிறது என்று தேடும் முறை, அந்த வலு இல்லாதவர்களைப் பட்டியலில் சேர்க்காமல் விட்டுவிடுவதற்கும் மிகத் தோதானது. ஆலோசகர் எழுதும் அறிக்கையில் அவர்கள் 'எதிர்ப்பு குறைவு' என்ற கட்டத்துக்குள் போய்விடுவார்கள்.

2020 ஏப்ரலில் ஒன்றிய அரசு வெளியிட்ட மின்சாரத் திருத்த வரைவு, மானியத்தைப் பணமாக வங்கிக் கணக்கில் செலுத்தும் யோசனையைக் கொண்டுவந்தது. முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி பிரதமருக்கே கடிதம் எழுதி எதிர்த்தார். ஆண்ட கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே குரலில் பேசிய அபூர்வமான தருணங்களில் அதுவும் ஒன்று. டெல்லி எல்லையில் திரண்ட விவசாயிகளின் கோரிக்கைகளிலும் அந்த மசோதா இடம்பெற்றது. 2020 டிசம்பர் 30 பேச்சுவார்த்தையில் அரசு அதில் இறங்கிவந்தது. காகிதத்தில் அந்த யோசனையில் குறை காண்பது கடினம். நம் ஊர்க் கிணற்று மேட்டில் நின்று பார்த்தால் வேறு. மின் இணைப்பு இறந்துபோன தாத்தாவின் பெயரில் இருக்கும். கிணற்றில் அண்ணன் தம்பிகள் நால்வருக்கும் பங்கு உண்டு, முறை வைத்து இறைப்பார்கள். அவர்களில் இருவர் திருப்பூரில் இருக்க, நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் உழுதுகொண்டிருப்பார். பணம் யாருடைய கணக்கில் போய் விழும்? மானியத்தை மின்வாரியத்துக்கு முன்கூட்டியே தர வேண்டும் என்று சட்டத்தின் 65-ஆவது பிரிவு சொல்லியும் பாக்கி வைக்கும் அரசுகள், விவசாயிக்கு மாதந்தோறும் தவறாமல் தந்துவிடுமா? ஒன்றிய அரசே தனது 2021-ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஸ்மார்ட் மீட்டர் பொருத்துவதிலிருந்து விவசாய இணைப்புகளை மட்டும் விலக்கி வைத்தது, அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டதன் அடையாளமாக இருக்கலாம்.

தமிழ்நாட்டுக்கு என் பரிந்துரை இதிலிருந்துதான் வருகிறது. ஏற்கெனவே இணைப்புள்ள பம்புசெட்டுகளுக்கு மீட்டர் என்ற பேச்சை ஐந்து ஆண்டுகளுக்கு எடுக்கவே வேண்டாம். அந்தச் சொல் 1970-ஐ நினைவுபடுத்தும். விவசாயப் பாதையைப் பிரித்து, பாதைக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் அளவி பொருத்தி, அந்தக் கணக்கை ஊராட்சி ஒன்றியவாரியாக வெளியிட வேண்டும். அப்போது தனி விவசாயி எவரையும் தொடாமல் வாரியத்தின் மறைவிடம் வெளிச்சத்துக்கு வரும். கூடவே, எந்த வட்டாரத்தில் பிரிப்பு முடிகிறதோ அங்கே பகல் நேர மும்முனை மின்சாரத்தை அறிவித்த நேரப்படி ஒரு பாசனப் பருவம் முழுவதும் தந்து காட்ட வேண்டும். பாம்புக் கடிக்கு அஞ்சியபடி இரவில் மடை திருப்பப் போகிறவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும். இணைப்புக் கேட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்போர் பட்டியல் ஒன்று மின்வாரியத்திடம் எப்போதும் இருக்கிறது. இழக்க இலவசம் இல்லாத அவர்களிடம்தான், சிக்கனமான மோட்டாரும் அளவியும் சேர்ந்த புதிய வகை இணைப்பை விருப்பத்தின் பேரில் முதலில் முன்வைக்க வேண்டும். தண்ணீர் விலைக்கு வாங்குவோர் எந்தெந்தக் கிராமங்களில் அதிகம் என்ற கணக்கையும், அவர்களுக்குக் கூட்டுக் கிணறோ சூரிய மின் பம்போ தரும் செலவையும், மின்பாதைப் பிரிப்புக்கான மதிப்பீட்டிலேயே எழுதிச் சேர்த்துவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், கேட்க ஆளில்லாத செலவு என்பதால் முதலில் வெட்டப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.