விமான இருக்கையில் மடிக்கணினிக்கு மின்சாரம்: முதலில் வாட் பாருங்கள்

நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து அமெரிக்காவுக்கோ கனடாவுக்கோ கிளம்பும் பிள்ளைகள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி, "அண்ணே, சீட்டுல பிளக் பாயின்ட் உண்டா?" என்பதுதான். களியக்காவிளை தாண்டி, திருவனந்தபுரத்தில் விமானம் ஏறி, வளைகுடாவில் இறங்கி மாறி, அங்கிருந்து நியூயார்க்குக்கு ஏறக்குறைய 14 மணி நேரம் பறக்க வேண்டியவர்களுக்கு அது நியாயமான கவலை. ஆனால் பிளக் உண்டா என்பதைவிட, அது எத்தனை வாட் தரும் என்பதே முக்கியம் என்று அவர்களிடம் அழுத்திச் சொல்லி வருகிறேன்.

பெரும்பாலான பயணிகள் விமானங்களில் எஞ்சினோடு இணைந்த ஜெனரேட்டர்கள் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உண்டாக்குகின்றன. ஹெர்ட்ஸ் என்கிற அதிர்வெண் கூடினால் டிரான்ஸ்பார்மரும் மோட்டாரும் சிறிதாகி எடை குறையும் என்பதால் இந்த ஏற்பாடு. நமது சார்ஜர்களோ 50, 60 ஹெர்ட்ஸுக்கென்று செய்யப்பட்டவை. ஆகவே இருக்கைக்கு அடியில் ஓர் உலோகப் பெட்டியைப் பொருத்தி (காலை நீட்டும்போது இடிக்கிறதே, பல விமானங்களில் அது இதுதான்), அதன் வழியாக 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸாக மாற்றித் தருகிறார்கள். அந்தச் சிறிய பெட்டியே பக்கத்து இருக்கைகளுக்கும் பங்கிட்டுத் தர வேண்டியிருப்பதால், ஒரு சாக்கெட்டுக்கு வழக்கமாக 75 வாட் அளவில் வரம்பு வைத்திருக்கிறார்கள். சில புதிய விமானங்களில் இதைவிடக் கூடுதலாகக் கிடைக்கும்.

வரம்பை மீறினால் சாக்கெட் தானாகவே நின்றுவிடும். பக்கத்தில் எரியும் சிறிய பச்சை விளக்கும் அணைந்துவிடும். வீட்டு இன்வெர்ட்டரில் கிரைண்டரைப் போட்டால் என்ன நடக்குமோ, அதேதான். சார்ஜரின் அடியில் 'அவுட்புட் 20 வோல்ட், 3.25 ஆம்பியர்' என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். சார்ஜர் சூடாவதில் வீணாவதையும் சேர்த்தால், முழு வேகத்தில் அது சாக்கெட்டிலிருந்து இழுப்பது 70 வாட்டைத் தாண்டும். அதாவது சாதாரண அலுவலக மடிக்கணினியே வரம்பின் விளிம்பில்தான் நிற்கிறது. 180, 230 வாட் சார்ஜரோடு வரும் கேமிங் மடிக்கணினியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் கணினி மிக அதிகமாக மின்சாரத்தை இழுக்கும், ஏனென்றால் ஓடுவதற்கும் பேட்டரியை நிரப்புவதற்கும் அது ஒரே நேரத்தில் கேட்கிறது. முழு பேட்டரியோடு ஏறியவருக்கு ஓடுவதற்கான மின்சாரம் மட்டும் போதும், எழுத்து வேலைக்கு அது மிகக் குறைவு. ஆகவே விமானம் மாறும் நிலையத்திலேயே பேட்டரியை நிரப்பிக்கொள்ளுங்கள். அப்படியும் சாக்கெட் நின்றுவிட்டால், பிளக்கைக் கழற்றிச் சற்றுப் பொறுத்து, திரை வெளிச்சத்தைக் குறைத்து, பேட்டரி சேமிப்பு முறையை இயக்கி மீண்டும் சொருகிப் பாருங்கள். அதற்கும் மசியாவிட்டால் கணினியை அணைத்துவைத்துச் சார்ஜ் ஏற்றுங்கள். டைப்-சி வழியாகச் சார்ஜ் ஆகும் கணினியாக இருந்தால் 45 வாட் சார்ஜர் ஒன்றைக் கைப்பையில் வைத்திருப்பது நல்லது. சார்ஜர் சொல்லும் அளவுக்குள் கணினி தன் தேவையைச் சுருக்கிக்கொள்ளும். விமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாட்டை நான் கண்டதில்லை.

அடுத்தது பிளக்கின் பின். நம் ஊரில் வாங்கும் மடிக்கணினியோடு வரும் உருண்டையான மூன்று பின் பிளக், விமான சாக்கெட்டில் பெரும்பாலும் பொருந்தாது. சார்ஜர் கட்டியிலிருந்து சுவருக்குப் போகும் வயர் மட்டும் தனியாகக் கழன்று வருமென்றால், அமெரிக்கத் தட்டைப் பின் கொண்ட வயரைக் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். போய் இறங்கும் இடத்திலும் அதுதான் தேவைப்படும். கனத்த அடாப்டரைச் சொருகினால், பலரும் பயன்படுத்தித் தளர்ந்துபோன சாக்கெட்டில் அது தன் எடையாலேயே சரிந்து தொடர்பு விட்டுப்போகும். இரண்டு பின்னும் சரியாக உள்ளே போனால்தான் மின்சாரம் விடும் சாக்கெட்டுகளும் உண்டு.

இருக்கையில் இருக்கும் பழைய யு.எஸ்.பி. துளை 10 வாட் அளவில்தான் தரும். அது போனுக்கு மட்டுமே உதவும். பவர் பேங்க் இருக்கிறதே என்று துணிந்துவிடவும் முடியாது. பொதுவாக 100 வாட்-மணி (பேட்டரி சேமித்து வைக்கும் மின்சாரத்தின் அளவு) வரை கைப்பையில் மட்டும் கொண்டுபோகலாம். பவர் பேங்க் மேல் 20,000 எம்.ஏ.எச். என்று போட்டிருந்தால் அது ஏறக்குறைய 74 வாட்-மணி. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதலும், எமிரேட்ஸ் 2025 அக்டோபர் 1 முதலும் விமானத்துக்குள் அதைப் பயன்படுத்தத் தடை விதித்துவிட்டன. தீப்பற்றும் அபாயத்தைக் கருதினால் இந்தத் தடை மிகச் சரியானது என்றே நினைக்கிறேன்.

திருவனந்தபுரத்திலிருந்து வளைகுடா வரை பறக்கும் சிறிய விமானங்களில் சாக்கெட்டே இல்லாமல் போவதும் உண்டு. அந்த 4 மணி நேரத்துக்கு மடிக்கணினியைப் பையிலேயே விட்டுவிட்டு, வேலையை அடுத்த விமானத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.