நள்ளிரவு 12.47-க்கு மெயின் சுவிட்ச் ஆஃப்

நான்கு நாளாகக் காலை ஒன்பது மணி தாண்டியதும் போனில் டெலிகிராம் செய்தி வருகிறது: சோதனைச் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டது. பிரவுசர் ஒரு தளத்தை நம்புவதற்கு வேண்டிய சான்றிதழ் அது; தானாகவே புதுப்பித்துக்கொண்டது, நான் கை வைக்கவில்லை. மூன்று வாரம் மண்டையை உடைத்தபிறகு கிடைத்த செய்தி என்பதால் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன்.

சான்றிதழ் வேண்டிய பெட்டி ஒரு ராஸ்பெரி பை 4, கையளவுக் குட்டிக் கணினி. இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசிகசாலையில் இருக்கிறது. சாதாரண தரப் பழைய வினாத்தாள்களும் கொஞ்சம் மின்நூல்களும் அதில் உண்டு. பிள்ளைகள் வைஃபையில் எடுத்துக்கொள்வார்கள், அவர்களுடைய டேட்டா போகாது. ரவுட்டரில் இருப்பது 4ஜி சிம். பொது ஐபி (வெளியிலிருந்து நேரே எட்டும் முகவரி) இல்லை, சான்றிதழ் தருபவர்கள் வந்து தட்டிப் பார்க்கும் 80-ஆம் போர்ட்டுக்கு வெளியிலிருந்து வழியே கிடையாது. ஆகவே, டொமைன் என்னுடையதுதான் என்று டிஎன்எஸ்ஸில் (இணையப் பெயர்களின் பதிவேடு) காட்டும் டிஎன்எஸ் சோதனைதான். சான்றிதழ் எடுத்துத் தரும் ஆக்மி ஸ்கிரிப்ட் அங்கே டிஎக்ஸ்டி என்ற எழுத்துப் பதிவைப் போடும், இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் அதைப் பார்த்துவிட்டுச் சான்றிதழ் தரும், பெட்டியை எட்டிப் பார்க்கவே தேவையில்லை. (2021 ஆகஸ்ட்டிலிருந்து இந்த ஸ்கிரிப்ட் எதுவும் சொல்லாவிட்டால் ஸீரோஎஸ்எஸ்எல் என்ற வேறொரு சான்றிதழ் நிறுவனத்துக்குப் போய்விடும். புதிதாகப் போடும் ஒவ்வொரு முறையும் அதை மறந்து, ஒவ்வொரு முறையும் திட்டுகிறேன்.)

ஜனவரி 18-இல் எடுத்த சான்றிதழ். சித்திரை வருஷ லீவு முடிந்து வாசிகசாலை திறந்த அன்று ஒரு பையன் போன் பண்ணி, "அண்ணே, பெட்டியில வைரஸ் வந்திருச்சு" என்றான். வைரஸ் இல்லை, சான்றிதழின் 90 நாள் ஆயுள் முடிந்து பிரவுசர் எச்சரித்திருந்தது. முன்பெல்லாம் முடியப்போகிறது என்று மின்னஞ்சலாவது வரும். 2025 ஜூனோடு லெட்ஸ் என்கிரிப்ட் அதையும் நிறுத்திவிட்டது.

ஸ்கிரிப்ட்டைக் கையால் ஓட்டினால் ஒரு குறையும் இல்லை, ஒரு நிமிடத்தில் புதிய சான்றிதழ் வந்து என்ஜின்எக்ஸும் (பக்கங்களைப் பரிமாறும் வெப் சர்வர்) ரீலோட் ஆகிறது. அப்படியானால், குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் ஏன் ஓட்டவில்லை? நான் டிஎன்எஸ் டோக்கனை (பதிவு போட ஸ்கிரிப்ட்டுக்குக் கொடுத்த ரகசியச் சாவி) சந்தேகித்தேன், பைத்தானைச் சந்தேகித்தேன் (ஸ்கிரிப்ட்டில் பைத்தானே இல்லை, அது வெறும் ஷெல்). 'ஃபோர்ஸ்' போட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஒரே பெயருக்கு ஏழு நாளில் ஐந்து சான்றிதழ்தான் என்ற வரம்பிலும் முட்டிக்கொண்டேன். அப்புறம்தான் புத்தி வந்து, வேறொரு பெயருக்கு ஸ்டேஜிங்கில் (லெட்ஸ் என்கிரிப்ட்டின் ஒத்திகைத் தளம்) ஒரு சோதனைச் சான்றிதழ் எடுத்து, ஓரிரு நாளில் புதுப்பிக்கும்படி வைத்தேன்.

விடை கிரான் வரியிலேயே இருந்தது. நிறுவும்போது ஸ்கிரிப்ட் தானாக ஒரு நேரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எனக்கு விழுந்தது நள்ளிரவு 12.47. வாசிகசாலை சாவி வைத்திருக்கும் அக்கா மாலை ஆறு மணிக்குப் பூட்டும்போது மெயின் சுவிட்சையே தட்டிவிட்டுத்தான் போவார். "ராத்திரி இடி விழுந்து எல்லாம் எரிஞ்சா யாரு பதில் சொல்றது தம்பி?" நியாயம்தான். ஏப்ரல் மாத இடியை நானும் பார்த்திருக்கிறேன். ஆக, ஜனவரியிலிருந்து அந்தக் கிரான் ஒரு நாள்கூட ஓடியதில்லை.

நேரத்தைப் பகலுக்கு மாற்றினால் போதாதா? மழை நாளில் பகலிலும் கரண்ட் இராது. அதனால் கிரானை எடுத்துவிட்டு, லினக்ஸில் அதே வேலையைச் செய்யும் சிஸ்டம்டி டைமர் போட்டேன், 'பெர்சிஸ்டென்ட்' ட்ரூ. தவறவிட்ட நேரத்தைப் பெட்டி எழுந்தவுடன் ஓட்டிவிடும். ஓட்டியது, தோற்றது. பை 30 செகண்டில் எழுந்துவிடுகிறது; ரவுட்டருக்குச் சிக்னல் பிடிக்க இந்த மலைக்குள் இரண்டு மூன்று நிமிடம் வேண்டும். பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று ஸ்கிரிப்ட் விழுந்துவிடுகிறது. டைமரோ அன்றைய கடமை முடிந்தது என்று கணக்கெழுதி, மறுநாள்வரை தூங்கிவிடுகிறது.

சரி, நெட்வொர்க் வரும்வரை காத்திரு என்று 'நெட்வொர்க்-ஆன்லைன்' டார்கெட்டைச் சேர்த்தேன். அது ஒரு பச்சைப் பொய். ரவுட்டர் ஐபி கொடுத்துவிட்டால் போதும், அதற்கு அது ஆன்லைன். ரவுட்டருக்கு அப்பால் இன்டர்நெட் இருக்கிறதா என்று அது கேட்பதே இல்லை. இதில் மட்டும் ஒரு வாரம் போனது. தினம் ஒரு மறுதொடக்கம்தான் கிடைக்கும், அதுவும் அக்கா வந்து திறக்கும்போது.

கடைசியில் கை கொடுத்தது கடிகாரம். பை 4-இல் மின்கலத்தோடு கூடிய கடிகாரம் கிடையாது. எழும்போது, கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்து, அதாவது முந்திய நாள் மாலையிலிருந்து தொடங்கும். பிறகு இன்டர்நெட்டில் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். நேரம் திருந்திவிட்டது என்றால் இன்டர்நெட் உண்மையிலேயே வந்துவிட்டது என்று அர்த்தம். நேரம் திருந்தும்வரை காத்திருக்கும் 'டைம்-வெயிட்-சின்க்' என்ற சர்வீஸை எனேபிள் செய்து, நம் சர்வீஸ் கோப்பில் 'ஆஃப்டர்: டைம்-சின்க் டார்கெட்' என்று, அதாவது நேரம் திருந்திய பிறகே ஓடு என்று, ஒரு வரி. எனேபிள் செய்யாமல் அந்த வரியை மட்டும் எழுதினால் பிரயோசனமில்லை, அதையும் ஒரு நாள் செலவழித்துத்தான் கற்றேன்.

கடிகாரம் என்றதும் ஞாபகம்: மின்கலத்தில் ஓடும் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்று வாங்கிப் போடலாம் என்று ஒரு கடையில் ஆர்டர் கொடுத்தேன். கூரியரில் வந்தது டிஎஸ்1307. அது 5 வோல்ட் சாமான். அப்படியே பையில் சொருகினால் 3.3 வோல்ட் பின்களுக்கு ஆபத்து. "ரெண்டும் ஒண்ணுதான் சேர்" என்கிறார்கள். அடுத்தமுறை கொழும்பு போகும்போது முதலாம் குறுக்குத் தெருவில் கையால் எடுத்துப் பார்த்தே வாங்குவேன்.

இன்னொன்று, டிஎன்எஸ் டோக்கன் எஸ்டி கார்டில் வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. கார்டை யாராவது உருவிக்கொண்டு போனால் என் டொமைன் முழுவதும் அவர் கையில். மலிவான இன்னொரு டொமைன் எடுத்து, சிநேம் (ஒரு பெயரை இன்னொன்றுக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவு) வழியாகச் சோதனையை அங்கே திருப்பும் 'சேலஞ்ச்-ஏலியஸ்' முறைக்குப் போக வேண்டும். 2029 மார்ச்சில் சான்றிதழின் அதிகபட்ச ஆயுளே 47 நாளாகிறதாம், அதற்குள் முடித்துவிடுவேன்.

அசல் சான்றிதழ் ஜூனில்தான் புதுப்பிக்க வரும். அதுவரை அக்காவிடம் ஒன்று மட்டும் கேட்டிருக்கிறேன்: காலையில் திறந்ததும் பெட்டியில் பச்சை விளக்கு மின்னுகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். மின்னுகிறதாம்.