வளவு வீட்டில் ஒரு வீ ரிமோட்

சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா, தம் பிள்ளைகளுக்குப் புதிய விளையாட்டுக் கருவி வாங்கியபோது, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் பழைய நின்டெண்டோ வீயைக் (Wii) காரைக்குடிக்கு அருகிலுள்ள எங்கள் பூர்வீக வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். 2006 நவம்பரில் வெளிவந்த அந்தக் கருவி இன்றைக்குப் பழம்பொருள்தான் என்றாலும், விடுமுறைக்குப் பங்காளி வீட்டுப் பிள்ளைகள் கூடும்போதெல்லாம் அதுவே ஓடுகிறது. திரையில் அம்புக்குறி துள்ளுகிறது, காணாமல் போகிறது, ரிமோட் கெட்டுவிட்டது என்று வருகிறவர்கள் எல்லோரும் புகார் சொல்வார்கள். அந்தப் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு ரிமோட் பொறுப்பில்லை. எங்கள் வீட்டு வெளிச்சமே பொறுப்பு என்பது என் முடிவு.

இதைப் புரிந்துகொள்ள, திரையைச் சுட்டியும் கையை வீசியும் ஆடுவதற்கான அந்த ரிமோட் இரண்டு தனித்தனி வழிகளில் நம் கையைக் கவனிக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். ஒன்று, உள்ளே இருக்கும் முடுக்கமானி. மூன்று திசைகளிலும் ரிமோட் எவ்வளவு வேகமாக முடுக்கப்படுகிறது என்பதை அந்தச் சில்லு அளக்கிறது. கை அசையாமல் இருக்கும்போது புவியீர்ப்பை மட்டும் உணர்ந்து, ரிமோட் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. ஆனால் ரிமோட்டைச் சமமாகப் பிடித்துக்கொண்டு இடமிருந்து வலமாக மெதுவாகத் திருப்பினால், ஈர்ப்பின் திசையில் எந்த மாற்றமும் இல்லாததால், முடுக்கமானிக்கு அந்தத் திருப்பம் தெரியாது. நாம் திரையின் எந்த இடத்தைச் சுட்டுகிறோம் என்பதை அதைக் கொண்டு மட்டும் கண்டுபிடிக்கவே முடியாது.

அதற்காகத்தான் இரண்டாவது வழி. ரிமோட்டின் மூக்கில், கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால், அகச்சிவப்பு ஒளியை மட்டும் பார்க்கும் சிறிய கேமரா ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சியின் மேலோ கீழோ நாம் வைக்கும் சென்சார் பார் என்ற பட்டை, பெயர் அப்படி இருந்தாலும், எதையும் உணர்வதில்லை. அதன் இரு முனைகளிலும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகள் எரிகின்றன, அவ்வளவுதான். கேமரா அவற்றை இரண்டு புள்ளிகளாகக் காண்கிறது. புள்ளிகள் கேமராவின் பார்வையில் எங்கே விழுகின்றன என்பதிலிருந்து நாம் சுட்டும் இடமும், அவற்றுக்கிடையே தெரியும் இடைவெளியிலிருந்து நாம் நிற்கும் தூரமும், அவை சாய்ந்திருக்கும் கோணத்திலிருந்து மணிக்கட்டின் முறுக்கும் கணக்கிடப்படுகின்றன. பட்டைக்கும் கருவிக்கும் இடையே ஓடும் கம்பி மின்சாரத்துக்கு மட்டுமே. ரிமோட் கண்டதெல்லாம் புளூடூத் வழியாகவே கருவிக்குப் போய்ச் சேர்கிறது. பட்டை பழுதானவர்கள் அதே இடைவெளியில் இரண்டு மெழுகுவர்த்திகளை ஏற்றி வைத்து விளையாடுவது உண்டு. அது நன்றாகவே வேலை செய்யும்.

மெழுகுவர்த்தியை விளக்கென்று நம்பும் கேமரா, வேறெதையும் அப்படி நம்பாதா? செட்டிநாட்டு வீட்டில் இந்தக் கேள்விக்குப் பொருள் அதிகம். வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம். அதைச் சுற்றித் தூண்கள் நிற்கும் தாழ்வாரம். இந்தப் பகுதியைத்தான் வளவு என்கிறோம். பகல் முழுவதும் வெயில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். சூரிய ஒளியில் அகச்சிவப்பு ஏராளம். முற்றத்தைத் தாண்டித் தொலைக்காட்சியைப் பார்க்கும்படி நின்றால் கேமராவின் பார்வையில் வெயில் விழுந்த கல்தரையும் சேர்ந்துவிடும். ஆகவே பகல் ஆட்டத்தை முற்றத்திலிருந்து விலகிய உள்ளறைக்கு மாற்றிவிட்டு, வளவை மாலைக்கு வைத்துக்கொண்டோம்.

மாலையிலும் அம்புக்குறி துள்ளியது. தொலைக்காட்சிக்கு நேர் மேலே ஐயாவின் படம் மாட்டியிருக்கிறது. அதன் தலைமாட்டில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு இரவெல்லாம் எரியும். இழை பல்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியைவிட அகச்சிவப்பையே மிகுதியாக உமிழ்வது. கேமராவுக்கு அது மூன்றாவது புள்ளி. ஆட்டம் முடியும்வரை அதை அணைத்து வைக்கலாமா என்று அப்பத்தாவிடம் கேட்டேன்.

"ஐயா படத்து விளக்க அணைச்சுட்டு உங்களுக்கு வெளையாட்டு வேணுமாக்கும்?" என்றார்கள்.

அதற்கு மேல் பேச்சில்லை. அந்த இழை பல்பைக் கழற்றிவிட்டு அதே நிறத்தில் ஒரு எல்.இ.டி. பல்பைப் போட்டோம். சாதாரண எல்.இ.டி. பல்பிலிருந்து வரும் அகச்சிவப்பு மிகக் குறைவு என்பதால், விளக்கும் எரிந்தது, அம்புக்குறியும் நின்ற இடத்தில் நின்றது. கார்த்திகை மாதத்தில் தாழ்வாரத்தில் வரிசையாக அகல் ஏற்றும் மாலைகளுக்கு மட்டும் இந்த உபாயம் செல்லாது. அன்று சுட்டும் ஆட்டங்களை விட்டுவிட்டு, வீசும் ஆட்டங்களை மட்டும் ஆடுகிறோம்.

எந்த வீட்டிலும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். வீயின் அமைப்புப் பக்கத்தில் சென்சார் பாரின் உணர்திறனை மாற்றும் திரையைத் திறந்தால், ரிமோட்டின் கேமரா அந்த நேரத்தில் காணும் புள்ளிகள் அப்படியே திரையில் தெரியும். இரண்டுக்கு மேல் தெரிந்தால் வேறொரு ஒளி குறுக்கிடுகிறது. ஒன்றுமே தெரியாவிட்டால் பட்டை எரியவில்லை, அல்லது நாம் மிகவும் தள்ளி நிற்கிறோம். பட்டை எரிகிறதா என்பதைக் கைப்பேசிக் கேமராவால் பார்க்கலாம். பல கைப்பேசிகளில் அது வெளிறிய ஊதாப் பொட்டுகளாகத் தெரியும்.

எங்கள் வீட்டில் இந்தத் திரை காட்டிக்கொடுத்த இன்னொரு விஷயம் தரை. அதில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. சிமென்ட்டையும் வண்ணத்தையும் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்து, பிறகு நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். அந்தக் கண்ணாடியின் வழவழப்பு கல்லின் முகத்தில் படிந்துவிடுகிறது. தலைமுறைகளாகக் கால்பட்டு அது மேலும் மெருகேறியிருக்கிறது. தாழ்வான மேசையின் விளிம்பில் பட்டையை வைத்தபோது, தரையில் விழுந்த பிரதிபலிப்பு இன்னும் இரண்டு புள்ளிகளாகத் தெரிந்தது. பட்டையைத் தொலைக்காட்சியின் மேல் விளிம்புக்கு மாற்றி, அமைப்பிலும் மேலே இருப்பதாகக் குறித்ததும் அந்தத் தொல்லை தீர்ந்தது.

வீச்சு ஆட்டங்களில் இந்த வெளிச்சச் சிக்கல் எதுவும் இல்லை. அங்கே முடுக்கமானி மட்டுமே பேசுகிறது. டென்னிஸ் ஆட்டத்தில் முழுக்கையையும் சுழற்ற வேண்டியதில்லை, நாற்காலியில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாலே மட்டை சுழலும். இதைக் கண்டுபிடித்த பிள்ளைகள் அதன் பிறகு எழுந்து நிற்பதில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து நின்று கையை வீசுவதற்காகவே இந்த ரிமோட்டை வாங்குகிறோம், உட்கார்ந்தே ஆடுவதற்குச் சாதாரண கன்ட்ரோலர் போதுமே. அப்பத்தா மட்டும் பந்துருட்டும் ஆட்டத்தை ஒழுங்காக நின்றே ஆடுவார்கள். கையைப் பின்னால் கொண்டுபோய், முன்னால் வீசும் நேரத்தில் அடிப்புறப் பொத்தானை விட வேண்டும்; வீசுவதும் விடுவதும் ஒன்றுசேரத்தான் அவர்களுக்குச் சற்று நாளானது. பொத்தானோடு ரிமோட்டையே விட்டுவிடக்கூடாது என்பதற்காகக் கைக்கயிற்றை மணிக்கட்டில் இறுக்கிய பிறகுதான் யாரும் ஆடலாம் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வெளிவந்த சில வாரங்களிலேயே கயிறுகள் அறுந்து ரிமோட்டுகள் பறந்ததால், 2006 டிசம்பரிலேயே நின்டெண்டோ தடித்த கயிறுகளை மாற்றிக் கொடுத்தது. 2007இல் மெத்தென்ற சிலிக்கோன் உறையும் சேர்ந்தது. பர்மாத் தேக்குத் தூண்களும் பெல்ஜியம் கண்ணாடிகளும் சூழ நின்று ஆடுகிறவர்கள் இரண்டையும் கழற்றாமல் இருப்பது நல்லது.

2009இல் வந்த மோஷன் பிளஸ் என்ற துணைக்கருவி, திருப்பத்தை அளக்கும் ஜைரோஸ்கோப்பைச் சேர்த்தது. முடுக்கமானியால் காண முடியாத இட வலத் திருப்பமும் அதோடு பிடிபட்டது. 2010இல் சோனி வேறு வழியில் போய், கையில் ஒளிரும் உருண்டையையும் திரையருகே கேமராவையும் வைத்தது. 2017இல் வந்த நின்டெண்டோவின் ஸ்விட்ச் கருவியில், ஜாய்கான் என்ற கன்ட்ரோலர்களைக் கொண்டு எந்தப் பட்டையும் இல்லாமலே திரையைச் சுட்டலாம். இருந்தாலும் ஜைரோஸ்கோப் தந்த திருப்பங்களைக் கூட்டிக்கொண்டே போவதால் சிறு பிழைகளும் சேர்ந்துகொண்டே போகின்றன. ஆட்டத்தின் நடுவே அம்புக்குறியை மீண்டும் மையத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கிறது. வெளிச்சத்தைச் சரிசெய்துவிட்ட வீட்டில், சுட்டுவதற்குப் பழைய ரிமோட்டே எனக்கு மேல் என்று தோன்றுகிறது.

ஒரே ஒரு பராமரிப்பு. எங்கள் பக்கத்து வீடுகள் பல, திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் திறந்து, பிறகு மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பவை. ரிமோட்டில் இருக்கும் இரண்டு ஏஏ பேட்டரிகளை ஊருக்குக் கிளம்புமுன் கழற்றிவிட வேண்டும். மறந்துவிட்டால் அவை கசிந்து, உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளை அரித்துவிடும். ரீசார்ஜ் செய்யும் பேட்டரிகளும் இதில் நன்றாகவே ஓடும். நாங்கள் இப்போது அவற்றைத்தான் போடுகிறோம்.