வாரத்துக்கு ஒன்பது மாத்திரை

"கண் ஸ்கேன் நல்லா இருக்குன்னுதானே ரிப்போர்ட்ல போட்டிருக்கு, அப்புறம் ஏன் டாக்டர் மாத்திரையைக் குறைக்கிறீங்க?" லூபஸ் (உடலின் எதிர்ப்பு சக்தி உடலையே தாக்கும் நோய்) கட்டுக்குள் இருந்த ஒருவர் கேட்டது. விழித்திரையைக் காக்கத்தான் என்று நான் சொன்ன பதிலில் தவறில்லை. ஆனால் அது முழுப் பதில்தானா என்ற உறுத்தல் போகவில்லை.

அவர் எடை 52 கிலோ. பல ஆண்டுகளாக லூபஸுக்கான ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை தினமும் 400 மி.கி.; கிலோவுக்கு 7.7 மி.கி. வருகிறது. அமெரிக்கக் கண் மருத்துவ அகாடமி 2016-இல் சொன்ன உச்சவரம்பு 5 மி.கி., அதுவும் உண்மையான உடல் எடைக்கு. அப்படியானால் நாளுக்கு 260. கையில் இருப்பதோ 200 மி.கி. மாத்திரை, அதை உடைக்கவும் கூடாது. அதனால் வாரக் கணக்குதான்: ஐந்து நாள் ஒன்று, இரண்டு நாள் இரண்டு, மொத்தம் ஒன்பது, 1,800 மி.கி. இரண்டு போட வேண்டிய கிழமைகளைச் சீட்டிலேயே எழுதிவிட வேண்டும். 'வாரம் இரு நாள்' என்று மொட்டையாக எழுதினால் யாருக்கும் நினைவிருக்காது.

வரம்புக்குள் சாப்பிட்டால் முதல் 5 ஆண்டில் விழித்திரைப் பாதிப்பு 1 சதவீதத்துக்கும் குறைவு, 10 ஆண்டில் 2-க்கும் குறைவு. 20 ஆண்டு தாண்டினால் 20 சதவீதத்தை நெருங்குகிறது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். வந்த சேதம் திரும்பாது. மருந்தை நிறுத்திய பிறகும் பரவலாம். ரிப்போர்ட் நன்றாக இருக்கும்போதே குறைப்பது அதனால்தான். அந்த 'நன்றாக' என்பதையும் கேள்வி கேட்க வேண்டும். ஆசியர்களில் பலருக்குச் சேதம் மாக்குலாவின் (விழித்திரையின் நடுப்பகுதி) மையத்தை விட்டு விலகித் தொடங்குகிறது. பார்வையின் நடுப்பகுதியை மட்டும் அளக்கும் 10-2 பார்வைப்புலச் சோதனை மட்டும் எடுத்தால் அது கண்ணில் படாது. இன்னும் அகலமாக அளக்கும் 24-2 சோதனையும், விழித்திரை அடுக்குகளைக் காட்டும் ஓசிடி ஸ்கேன் அகலமாக எடுத்ததும் வேண்டும்.

இவ்வளவும் கண்ணின் பக்கம். 1991-இல் வெளியான கனடா ஆய்வில், நோய் அடங்கியிருந்த 47 பேரில் மருந்தைத் தொடர்ந்த 25 பேரில் 9 பேருக்கு நோய் மீண்டும் கிளம்பியது. மாற்றாக வெற்று மாத்திரை பெற்ற 22 பேரில் 16 பேருக்கு. அது நிறுத்திப் பார்த்த ஆய்வு, குறைத்துப் பார்த்தது அல்ல என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் 5 மி.கி. என்ற எண்ணே விழித்திரையை வைத்து வந்தது. லூபஸை அடக்க அது போதுமா என்று பார்த்து வகுத்ததல்ல. அவர் கேட்டதும் ஏறக்குறைய இதைத்தான்.

குறைத்தது சரி என்றே இப்போதும் நினைக்கிறேன். 7.7-ஐ அப்படியே விட முடியாது. ஆனால் ஸ்கேனைப் பற்றி விளக்கிய அளவுக்கு, மூட்டு வீக்கமோ தோல் தடிப்போ திரும்பலாம், வந்தால் அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டாம் என்பதையும் விளக்கியிருந்தால்தான் பதில் முழுமையாகியிருக்கும். சிறுநீரில் புரதம், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், லூபஸ் கிளம்பினால் ரத்தத்தில் குறையக்கூடிய காம்ப்ளிமென்ட் புரதங்களின் அளவு மூன்றையும் மூன்று மாதத்தில் பார்க்க எழுதியாயிற்று. அவற்றில் ஒன்று ஏறுமாறாக வந்தால் மாத்திரையைக் கூட்டுவதா, வேறு மருந்தைச் சேர்ப்பதா என்பதற்கு இந்த வரம்பில் விடை இல்லை.