ஒரே ஆட்டக்காரர், பதினொரு அமர்வுகள்

நான்கைந்து பேரை மேசையைச் சுற்றி உட்கார வைத்து டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், ஆளுக்கொரு பாத்திரமேற்றுப் பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டத்தை நடத்திப் பழகியவன் நான். இம்முறை என் தங்கை ஒருத்திக்காகவே ஒரு தொடர்கதையை நடத்தி வருகிறேன். பதினொரு அமர்வுகள் முடிந்திருக்கின்றன. ஆட்டக்காரர் ஒருவராகிவிட்டால் கதையையும் எதிரிகளையும் நடத்தும் டன்ஜன் மாஸ்டரின் வேலை குறையும் என்று எண்ணித்தான் தொடங்கினேன். முதல் அமர்விலேயே அந்த எண்ணம் மாறிவிட்டது.

குழுவுக்காக முன்பு எழுதி வைத்திருந்த காட்டுப்பாதைச் சண்டையை அப்படியே எடுத்துக்கொண்டேன்: கோப்ளின்கள் என்னும் குட்டிப் பூதங்கள் நான்கு. தங்கையின் பாத்திரம் முதல் நிலை, அதாவது தொடக்க நிலை வீராங்கனை; அடிபடாமல் காக்கும் கவச எண் 16, அடி தாங்கும் அளவான ஹிட் பாயின்ட் 12. ஒரு கோப்ளின் தாக்கும்போது இருபது முகப் பகடையில் 12 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி படும். பட்டால் சராசரியாக ஐந்தரைப் புள்ளி போகும். நான்கையும் சேர்த்தால் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 புள்ளி. அவளோ ஒரு சுற்றில் ஒன்றைத்தான் வீழ்த்த முடியும். இரண்டாம் சுற்றில் விழுந்துவிட்டாள். குழுவாக இருந்தால் யாராவது ஓடிவந்து தூக்கியிருப்பார்கள். இங்கே அவள் தனியாக அமர்ந்து, பிழைக்க மூன்று வெற்றி வேண்டும் என்று பகடையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆட்டக்காரர் மூவருக்குக் குறைந்தால் எதிரிகளின் எண்ணிக்கைக்கேற்பச் சண்டையின் கடின மதிப்பைக் கூட்டும் பெருக்கெண்ணை ஒரு படி உயர்த்த வேண்டும் என்று ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளிலேயே இருக்கிறது. அதன்படி நான்கு கோப்ளின்களின் மதிப்பு 500. முதல் நிலையில் இருக்கும் ஒருவருக்கு உயிராபத்தான சண்டையின் தொடக்க அளவே 100தான். ஒற்றைக் கோப்ளின்கூட 75 ஆகிக் கடினமான சண்டை என்ற வகையில் வந்து நிற்கிறது. இதைப் பார்த்த பிறகு எண்ணிக்கையைக் குறைத்ததோடு, தோற்றால் என்ன நடக்கும் என்பதையும் ஒவ்வொரு சண்டைக்கும் முன்கூட்டியே எழுதி வைக்கத் தொடங்கினேன். முதல் தோல்வியில் அவளைக் கொல்லாமல் சிறைபிடிக்க வைத்தேன்; இன்றுவரை ஓடும் கதை அந்த நிலவறையில்தான் பிறந்தது.

2019இல் வந்த எசென்ஷியல்ஸ் கிட் பெட்டியில் ஒரே ஆட்டக்காரரோடு ஆடுவதற்கென்றே துணைப்பாத்திர விதிகள் உண்டு. அதை வைத்து ஒரு வைத்தியரை உருவாக்கி அவளோடு அனுப்பினேன். சண்டைகள் சீராயின, ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று வந்து சேர்ந்தது. பாதை பிரியும் இடமெல்லாம் "அண்ணா, வைத்தியர் என்ன நினைக்கிறார்?" என்று கேட்பாள், விடை தெரிந்த நானே வைத்தியராக வாய் திறந்து வழி சொல்வேன். நான்காம் அமர்வில் வைத்தியரும் ஓர் ஊர்த்தலைவரும் நெடுநேரம் பேசிக்கொண்டார்கள், அதாவது நானே இரு குரலில் பேசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது, தங்கை பகடைகளை முக எண்ணிக்கை வரிசைப்படி மேசை விளிம்பில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய கதையை அவளிடமிருந்து நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

அடுத்த அமர்வில் வைத்தியரின் திறன்களும் எண்களும் எழுதிய பாத்திரத் தாளை அவளிடமே கொடுத்துவிட்டேன். சண்டையில் அவருக்கும் அவளே பகடை உருட்டுவாள். பேச்சு மட்டும் என்னுடையது. அதற்கும் ஓர் அட்டையில் மூன்றே வரிகள் எழுதி வைத்தேன்: அவருக்குத் தெரிந்தது, அவர் மறைப்பது, அவர் அஞ்சுவது. யோசனை கேட்டால் அவர் தம் அச்சத்தைத்தான் சொல்வார், வழியைச் சொல்ல மாட்டார்.

இதன் பலன் ஏழாம் அமர்வில் தெரிந்தது. சிறைக் காவலர் தலைவன் மனம் மாறிச் சாவியை நீட்டுகிறான். தங்கை பேசவில்லை. குழுவில் இத்தகைய மௌனத்தை யாராவது உடனே நிரப்பிவிடுவார்கள். நானும் வைத்தியரைப் பேச வைக்கத் துடித்தேன், ஆயினும் அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு நிமிடமாவது போயிருக்கும். பிறகு, "சாவியை நான் வாங்க மாட்டேன். அவரே வந்து கதவைத் திறக்கட்டும்" என்றாள். நான் எழுதி வைத்திருந்த எதிலும் இது இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் நடத்திய ஆட்டங்களில் இதைவிட நல்ல தருணம் எனக்கு நினைவில்லை.

நேரக் கணக்கும் வேறு. குழுவுக்கு நான்கு மணி நேரம் வரும் பகுதியை, கூடிப் பேசி முடிவெடுக்க ஆளில்லாததால், ஒன்றரை மணி நேரத்தில் கடந்துவிடுகிறாள். எனக்கும் தொண்டை வற்றிவிடுகிறது என்பதால் அதோடு நிறுத்திக்கொள்கிறோம்.

கதவைத் திறந்த காவலர் தலைவன் இப்போது அவர்களோடு தப்பி ஓடிக்கொண்டிருக்கிறான். அவன் தாளையும் தன்னிடமே தரும்படி தங்கை கேட்டிருக்கிறாள். மூன்று பாத்திரங்களை ஒருத்தி சண்டையில் நடத்தினால் வேகம் குறையுமோ என்ற தயக்கம் எனக்கு இருக்கிறது. பன்னிரண்டாம் அமர்வில் ஒரே எதிரியுள்ள சிறு சண்டையில் கொடுத்துப் பார்க்கப் போகிறேன். அவனுக்கான மூன்று வரிகளில் மறைப்பது மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.